இளையோர் அறை

என் செல்ல மகளே,

விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? காய்ந்த மாம்பழம் அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் சுகாதார நிலையத்தில் இளையோருக்கென்று ஓர் அறை திறந்தோமே, அதில் இப்போது தடுப்பூசிப் பெட்டிகள்தான் கிடக்கின்றன. செவ்வாய்க்கிழமை மீன் விற்கும் நெனித்தாவின் மகள் ரோவெலின் வந்தாள். பதினாறு வயது. "அக்கா, தனியா ஒண்ணு கேக்கணும்" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். அதற்குள் தலைமைச் செவிலி தானாகவே ஊகித்துக்கொண்டு, குழந்தைகளோடு காத்திருந்த தாய்மார் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "கருத்தடை மாத்திரையா? கல்யாணம் ஆகாதவளுக்கு அது எதுக்குடி? போய் உங்கம்மாவக் கூட்டிட்டு வா" என்றாள். கூடமே சிரித்தது. ரோவெலின் தலையைக் குனிந்தபடி வெளியேறினாள். அரை மணி நேரத்தில் அதே வாய்கள் பன்சித் நூடுல்ஸைத் தின்றுகொண்டே அவளைப் பற்றிப் பேசின.

நானும் சிரித்தேன், மகளே. தலைமைச் செவிலி என்னைப் பார்த்தாள், அதனால் சிரித்தேன். அவர்களைவிட என்னை நினைத்தால்தான் அதிகம் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் சந்தைக்கு ரோவெலினைத் தேடிப் போனேன். "ஒண்ணுமில்லக்கா, சும்மாதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போய்விட்டாள்.

மார்ச்சில் உனக்கும் பதினாறு ஆகிறது. கேட்க ஏதாவது இருந்தால் என்னிடம் கேள். கூச்சமாக இருந்தால் அங்கே செபூ நகரத்திலேயே ஒரு நல்ல மருத்துவரைப் பார். நான் வேலை செய்யும் இடத்துக்கு மட்டும் வந்துவிடாதே.

அம்மா