அம்மாவின் தட்டைச் சுவரில் ஒட்டியவர்கள்

என் தங்கமான மணி அண்ணே,

நீ சந்தா கட்டிய இசைத்தட்டுகளின் கடைசிப் பெட்டி வந்து சேர்ந்துவிட்டது. உன் முதல் திதிக்கு நாள் பார்த்தாகிவிட்டது, அந்தக் கம்பெனிக்கு மட்டும் நீ இன்னும் உயிரோடு இருக்கிறாய். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு கொரியர்காரர், "மிஸ்டர் மணியம் அடா?" என்று மலாயில் கேட்டார். இருக்கிறாரா என்று கேட்கிறவருக்கு நான் என்ன பதில் சொல்வது? வாங்கிக் கூடத்தில் வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். அவ்வளவு அருவருப்பு.

நீ இறந்ததை அவர்களுக்கு எழுதாமல் இல்லை. சந்தாதாரரே கேட்டால்தான் பெயரை மாற்ற முடியுமாம். உன் இறப்புச் சான்றிதழை அனுப்பினேன். "அன்புள்ள மணியம், உங்கள் ஆவணம் கிடைத்தது. தொடர்ந்து கேட்டு மகிழுங்கள்" என்று பதில் வந்தது. இந்தக் கூட்டத்தை நீ எங்கே போய்ப் பிடித்தாய், அண்ணே?

நீ சந்தா கட்டிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அந்தக் காலத்தில் பதிவான தமிழ்ப் பாட்டுகளைத் தேடி எடுத்து, புதிய இசைத்தட்டுகளாக அழுத்தி, பெட்டி பெட்டியாக அனுப்பப் போகிறார்கள் என்று சொல்லிக் குதித்தாய். முதல் பெட்டி நன்றாகத்தான் இருந்தது. அடுத்ததில் ஒரு தட்டு அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. அதற்கு அடுத்ததில், முதல் பெட்டியில் வந்த தட்டே வேறு உறை போட்டுக்கொண்டு மறுபடி வந்தது. பிறகு உறையில் ஒரு பாட்டு, உள்ளே வேறு பாட்டு. புகார் எழுதினால், உங்கள் இசை ஆர்வம் எங்களை நெகிழ வைக்கிறது என்பார்கள். வளைந்த தட்டுக்கு நெகிழ்ச்சி எதற்கு?

"அடுத்த பெட்டியில சரி பண்ணிடுவாங்க, கௌரி" என்பாய். செருப்பில் ஒரு தையல் கோணியிருந்தால்கூடக் கடைக்காரரிடம் சண்டை போடுகிற நீ, இவர்களிடம் மட்டும் அப்படிப் பொறுத்துக்கொண்டாய். காரணம் எனக்குத் தெரியும். அம்மாவின் தட்டு அவர்கள் கையில் இருந்தது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாலோ ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த எங்கள் அம்மா, திருவிழாவில் பாடியதைக் கேட்ட ஒருவர் ஏற்பாட்டில் சிங்கப்பூர் போய் ஒரே ஒரு பாட்டுப் பாடினார். சின்னத் தட்டு. ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அதே தோட்டத்துப் பெருமாள் மாமா. கைக்குழந்தையான அண்ணனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அம்மா பாடியிருக்கிறார். பாட்டு முடிகிற இடத்தில் குழந்தை வீறிட்டு அழும். மறுபடி எடுக்க அவர்களுக்கு நேரமில்லை, அழுகையும் தட்டில் ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் அந்த ஒரு தட்டுதான் இருந்தது.

அதைத்தான், சிங்கப்பூரில் வேலைக்குப் போகிற வழியில், நீயே கொண்டுபோய்க் கொடுத்தாய். கடைசிப் பெட்டியில் புதிய தட்டாக வரும், அசலையும் அதோடு திருப்பித் தருகிறோம் என்றார்கள். தட்டைக் கொடுத்த பிறகுதான் நாம் தேடிக் கண்டுபிடித்த, செடெனாக்கில் இருக்கும் பெருமாள் மாமாவின் மகள் தேவகி அக்காவுக்கும் நீ வாக்குக் கொடுத்தாய். தான் பிறக்கும் முன்பே போய்விட்ட அப்பாவின் குரலைக் கேட்டதே இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். அதற்குள் ஒரு காலையில் சிங்கப்பூர் போகிற பாலத்து நெரிசலில், மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே உனக்கு நெஞ்சு வலி வந்தது.

உன்னை எரித்துவிட்டு வீட்டுக்கு வந்து உன் கைப்பேசியைத் திறந்தேன். தட்டு சேகரிப்பவர்களின் குழுவில் உனக்கு மாலை போட்ட படங்கள். அவற்றுக்கு நடுவே ஒருவர் எழுதியிருந்தார்: "ஆழ்ந்த இரங்கல். பெட்டிங்க பிரிக்காம இருக்கா? இருந்தா நான் எடுத்துக்கிறேன்." பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். பாட்டை வாங்கிப் பாட்டே கேட்காமல் அலமாரியில் பூட்டி வைக்கிறவர்கள்! அவர்களோடா நீ விடிய விடிய அரட்டை அடித்தாய்?

கடைசிப் பெட்டியைத் திறக்க உன் பாட்டுக் கூட்டாளி லாரன்ஸை வரச் சொன்னேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன், உன் பிளேயருக்கு முள் மாற்றித் தருவதற்கென்றே பிறந்தவர்போல உடனே வந்தார். பெட்டியில் தங்க எழுத்து, பட்டு நாடா, கையுறைகூட வைத்திருந்தார்கள். அசல் தட்டு இல்லை. புதிய தட்டின் உறையில், "பாடியவர்: பெயர் தெரியாத தோட்டப் பெண்" என்று அச்சடித்திருந்தது. நீ அம்மாவின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிவிட்டு வந்தாயே, அண்ணே!

லாரன்ஸ் முள்ளை வைத்தார். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல ஒரு குரல். கீறல் சத்தத்தை எடுக்கிறோம் என்று அம்மாவின் மூச்சையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். பாட்டு முடியும் இடத்தில் நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றுமில்லை. பாட்டு நின்றது.

"அலமாக், ஐயோ, மணியோட அழுகை எங்க?" என்றார் லாரன்ஸ்.

"இரைச்சல்னு நினைச்சுத் துடைச்சுட்டாங்க லாரன்ஸ் அண்ணே" என்றேன்.

மறுபக்கத்தில் பெருமாள் மாமாவும் இல்லை, வேறு ஏதோ வாத்திய இசை. ஒரு வண்ணத்தாள் மட்டும் சொன்னது: மறுபக்கப் பாடல் எங்கள் அடுத்த தொடரில், இன்றே சந்தாவைப் புதுப்பியுங்கள். ஒரு தட்டின் இரண்டு பக்கத்தையும் பிளந்து இரண்டு தொடருக்கு விற்கிற புத்தி எவனுக்கு வரும்? அன்று மாலையே தேவகி அக்கா போன் செய்தார். "வந்துருச்சா கௌரி? அப்பா இருக்காரா?" என்று கேட்டார். நான் இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் நானும் லாரன்ஸும் பாலம் தாண்டிப் போனோம். அந்த அலுவலகத்தில் காபி மணம், குளிர், மெத்தை நாற்காலிகள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரில் பழைய தட்டுகளைப் பூ மாதிரி வட்டமாக ஒட்டி வைத்திருந்தார்கள். நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். இடது ஓரத்து இதழில் அம்மாவின் பெயர்.

மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன்.

மேலாளர் ஒரு சின்னப் பெண், நம் தமிழ்ப் பெண்தான். "ஆன்டி, அது டிஸ்பிளே பீஸ் மட்டும்தான். பாட்டெல்லாம் நாங்க காப்பி பண்ணிட்டோம்" என்றாள்.

"பேரு தெரியாத பெண்ணுன்னு அச்சடிச்சீங்களே, அந்தப் பேரு உங்க சுவத்துல இருக்கும்மா. படிச்சுப் பாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் மாறியது. ஆனாலும், "சாரி ஆன்டி. கழட்டினா டிசைன் கெட்டுடும், பாஸ் கிட்ட கேட்கணும். உங்களுக்கு அடுத்த தொடர் ஃப்ரீயா தரச் சொல்லவா?" என்றாள்.

"பெருமாள்ங்கிறவரோட பாட்டு உங்க கிட்ட காப்பி இருக்குல்ல? அவரு மகளுக்கு அத மட்டும் குடுங்க."

"தொடர் வெளிவர்றதுக்கு முன்னாடி குடுக்க முடியாது ஆன்டி. அவங்களும் சந்தா கட்டினா முதல் ஆளா அனுப்பிடுவோம்."

லாரன்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார், நான் ஏறினேன். காவலரைக் கூப்பிடுவேன் என்றாள் அந்தப் பெண். "கூப்பிடும்மா, அவரும் வந்து பார்க்கட்டும் லா" என்றார் லாரன்ஸ். அவரும் வந்தார். வயதான மலாய்க்காரர். தட்டில் இருக்கிற பெயரும் நான் கையோடு கொண்டுபோன என் பிறப்புச் சான்றிதழில் இருக்கிற அம்மா பெயரும் ஒன்றுதான் என்று லாரன்ஸ் மலாயில் விளக்க, அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் ஒட்டுகிற நாடா. நகம் கிழியக் கிழிய உரித்து எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பிளேயரில் போட்டோம், அண்ணே. வெளியே தெரிந்தது அம்மாவின் பக்கம். தூசியும் வெயிலும் பட்டிருந்தாலும் முள் ஓடியது. அம்மா மூச்சு வாங்கிப் பாடினார். கடைசியில் நீ அழுதாய். லாரன்ஸ் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் உன் அழுகை முடிகிற வரை உட்கார்ந்திருந்தேன், "அப்பாடா, நம்ம பக்கம் தப்பிச்சுது" என்று வாய்விட்டே சொன்னேன்.

சொன்ன அடுத்த கணம் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. தட்டைத் திருப்பினேன். பெருமாள் மாமாவின் பக்கம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் பசை. சுவருக்குக் கொடுத்தது அவர் பக்கத்தை. நம் பக்கம், அவர் பக்கம் என்று பிரித்துப் பேசிய நான், தொடர் பிரித்து விற்கிறவர்களிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறேன்?

நடந்ததை லாரன்ஸ் குழுவில் எழுதினார். இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள். மற்றவர்கள் புதிய தொடரின் பெட்டி நீலமா பச்சையா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். உன் எண்ணை அந்தக் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன்.

தேவகி அக்காவிடம் போனில் சொல்ல மனம் வரவில்லை, நேரில் போய்ச் சொன்னேன். அவர் தட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "சந்தா கட்டிடவா?" என்று கேட்டார், பாவம். வேண்டாம் என்றேன். இப்போது ஞாயிறு தோறும் போகிறேன். அவர் வெந்நீரில் பஞ்சை நனைத்துத் தருவார், நான் தட்டின் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே துடைப்பேன். விளிம்போரம் பசை கொஞ்சம் விட்டிருக்கிறது. போன வாரம் முள்ளை வைத்தபோது ஆர்மோனியம் எழுந்தது, ஒரு ஆண் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது, முள் பசையில் ஏறிக் குதித்துவிட்டது. "அப்பாவுக்கு ஜலதோஷம் போல" என்றார் தேவகி அக்கா. மறுபடி போடச் சொன்னார். மறுபடி, மறுபடி.

அந்தப் புதிய தொடர் வெளிவருவதற்குள் அவர் தன் அப்பாவைத் தன் வீட்டிலேயே கேட்டுவிடுவார், அண்ணே. முழுப் பாட்டு கிடைக்காவிட்டாலும் ஒரு அடியாவது. அதுவரை இந்தப் பஞ்சைக் கீழே வைக்க மாட்டேன்.

நீ இடுப்பிலிருந்து இறங்கிய பிறகு அதே இடுப்பில் ஏறிய உன் தங்கை,
கௌரி
கூலாய், ஜொகூர்