பத்தடிப் பலகை

அப்பாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்குக் கோபப்படாதீர்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் எழுத்துக்கூட்டி வாசிக்க வசதியாகப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

நேற்று பிக்கப் வண்டி பார்க்கப் போனபோது, பின்னாலும் ஒரு சீட் உள்ள டபுள் கேபின் எடுக்கலாமா என்று கேட்டேன். "அதுக்கு பின்பாடி அஞ்சடியாக்கும். சென்ட்ரிங் பலகை பத்தடி. உன் மடியில வச்சா கொண்டுபோவ?" என்றீர்கள். விற்பனைக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

சிங்கிள் கேபின் என்றால் முன்னால் டிரைவரும் நீங்களும் மேஸ்திரியும் உட்காருவீர்கள். வேலைக்கு வரும் பெண்கள் எப்போதும்போலப் பின்னால், பலகைமேல்.

செவ்வாய்க்கிழமை கழக்கூட்டம் ஜங்ஷனில் வாடகை வண்டி பிரேக் போட்டபோது பலகை சரிந்து அம்மாவை இடித்தது. முழங்காலில் சிராய்ப்பு என்றுதான் உங்களிடம் சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்கு நான்தான் தலை சீவிவிடுகிறேன். இருமினால் விலாவைப் பிடித்துக்கொள்கிறாள்.

கேபினுக்கு மேலே கம்பிச் சட்டம் போட்டால் பத்தடிப் பலகையையும் சாய்த்துக் கட்டலாம். விசாரித்துவிட்டேன்.

இன்று பத்து மணிக்குள் வண்டி புக்கிங் ஃபாரம் கொடுக்க வேண்டும். கேபின் கட்டத்தைத் தவிர எல்லாம் நிரப்பிவிட்டேன். அம்மாவிடம் கேட்டால், "எனக்குப் பின்னாலயே போதும்" என்பாள். அவளைக் கேட்காமல் டபுள் கேபினில் டிக் போடுங்கள், அப்பா.

உங்கள் மகள்