மூன்றாவது வளைவு

கரையாம்புத்தூர்,
05.06.2025

அன்புள்ள பாக்யா அண்ணாவுக்கு,

தங்கை சுகன்யா எழுதுவது. நானும் மணிமொழியும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, நீங்களும் அதை எதிர்பார்க்க மாட்டீர்கள். அங்கே அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? கடையைத் திறந்துவிட்டீர்களா?

போன் இருக்கும்போது இதென்ன லெட்டர் என்று நினைப்பீர்கள். போன் செய்தால் நீங்கள் "சுகன்யாம்மா" என்று சொல்லிவிட்டு அழுகிறீர்கள். உடனே நானும் அழுகிறேன். மூன்று தடவை இப்படியே ஆகிவிட்டது. கேட்க நினைத்ததைக் கேட்கவே முடியவில்லை. எழுதும்போது அழுதாலும் துடைத்துக்கொண்டு மேலே எழுதலாம் பாருங்கள்.

அவர் கருமாதி முடிந்த மறுநாளே அம்மா எங்களை இங்கே கூட்டி வந்துவிட்டாள். ஒதியம்பட்டில் இருக்க முடியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் மாமியாருக்கு ஒரே பேச்சு. "காய்ச்சலோட இருந்த புள்ளைய ஓடறதுக்கு அனுப்பிச்சாளே, இவளும் ஒரு பொம்பளையா?" என் காதில் விழட்டும் என்றுதான் சொல்கிறார்.

நான் அனுப்பவில்லை அண்ணா. வெள்ளிக்கிழமை நூற்றியிரண்டு டிகிரி அடித்தது. சனிக்கிழமை சாயங்காலம்தான் குறைந்தது. "இந்த ஒரு வாரம் ஓடலன்னா இன்னா குடியா முழுகிப்பூடும்?" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். "அட போடா, வேர்த்தா காய்ச்சல் தானா ஓடிப்பூடும், வா" என்றீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கடைசியில் நானும் "போய்த் தொலை" என்றுதான் சொன்னேன். கிளம்பும்போது காய்ச்சல் மாத்திரை எடுத்துக் கொடுத்ததும் இந்தக் கைதான். அந்த மாத்திரைதான் அவரைக் கொன்றதோ என்று நினைக்காத நாழிகை இல்லை.

கருமாதிக்கு வந்த உங்கள் ஓட்டக் குழுத்தலைவர் சிங்காரவேலு, "மலை ஏறி எறங்கிட்டாரும்மா, எறங்கினதுக்கு அப்பறந்தான் என்னமோ ஆயிருக்கு" என்றார். கூட இருந்த மணவாளன், "எறங்கினத யாரும் பாக்கலையே" என்கிறார். ஆளுக்கொரு பேச்சு. கடைசியாக அவரோடு ஓடிய சிநேகிதர் நீங்கள்தான். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எழுதிவிட்டால் நாளைக்கு மாறாது.

மயானத்திலிருந்து வந்து மணிமொழி கையில் ஒரு பச்சை ரப்பர் பேண்டு மாட்டிவிட்டீர்களே, அதைக் குளிக்கும்போதும் கழற்ற மாட்டேன் என்கிறாள். "எங்க அப்பா மலை உச்சில எடுத்தது" என்று தெருப் பிள்ளைகளிடமெல்லாம் காட்டுகிறாள். ஒன்பது வயதுக் கை, வரி பதிந்து கிடக்கிறது.

உங்கள் அன்புத் தங்கை,
சுகன்யா


வில்லியனூர்,
08.06.2025

அன்புத் தங்கை சுகன்யாவுக்கு,

அண்ணன் பாக்யராஜ் எழுதிக்கொண்டது. உன் லெட்டர் கிடைத்தது. பத்தாவது பரீட்சைக்குப் பிறகு நான் பேனா பிடித்து இவ்வளவு எழுதுவது இதுதான், தப்பிருந்தால் பொறுத்துக்கொள். கடையைத் திறந்துவிட்டேன். மோட்டாருக்குக் காயில் சுற்ற உட்கார்ந்தால் நடுவில் எண்ணிக்கை விட்டுப்போகிறது. அவிழ்த்து மறுபடி சுற்றுகிறேன்.

நம் பக்கத்தில் மேடு என்றால் மேம்பாலம்தான். ஆகஸ்டில் மலைப் போட்டிக்குப் போவதாக இருந்ததால் ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சிப் பக்கம் போய்ப் பழகினோம். அன்றைக்கும் மதகடிப்பட்டில் வேன் ஏறி, ஐந்து மணிக்கு மலையடிவாரத்தில் ஆரம்பித்தோம். பதினாலு பேர். முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தது. இலை அசையவில்லை, அப்படி ஒரு புழுக்கம். பனியனைப் பிழிந்தால் கொட்டியது. கீழே ஊர்களைச் சுற்றிப் பதினாறு கிலோமீட்டர், பிறகு மலை ரோட்டில் நாலு ஏறி நாலு இறங்க வேண்டும்.

அந்த ரப்பர் பேண்டு விஷயம் உனக்குச் சரியாகத் தெரியாதே. மணவாளன் பைக்கில் முன்னால் போய், உச்சியில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஆளுக்கு ஒன்று போட்டு வைத்துவிடுவார். வாரத்துக்கு ஒரு நிறம், அன்றைக்குப் பச்சை. ஏறினவன் ஒன்று எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு இறங்கி, வேனில் தண்ணீர் கேன் கழுத்தில் மாட்டணும். பாதியில் திரும்பி வந்து ஏமாற்றினவர்களால் போன வருஷம் வந்த வழக்கம். ஆறு வாரமும் ஏறினவர்களுக்குத்தான் சிங்காரவேலு போட்டிக்குப் பேர் கொடுப்பார். அது ஆறாவது வாரம்.

நம்ம கலை நல்லாத்தான் ஓடினான். என்னோடுதான் ஏறினான். உச்சியில் அவன் கையாலேயே பேண்டை எடுத்தான். "இது பாப்பாவுக்குடா" என்றான். இறங்கும்போது, "நீ போய்க்கினே இரு, நான் மொள்ள வரேன்" என்றான். நான் முன்னால் வந்துவிட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். விதி, வேறென்ன சொல்ல.

மாமியார் பேசுவதை மனதில் வைக்காதே. பெற்ற வயிறு, எரிகிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. மணிமொழியின் படிப்புச் செலவு என் பொறுப்பு.

உன் அண்ணன்,
பாக்யராஜ்


கரையாம்புத்தூர்,
11.06.2025

அண்ணா,

லெட்டர் கிடைத்தது. நாலு தடவை படித்தேன். "இது பாப்பாவுக்குடா" என்ற இடத்தை மணிமொழிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். அவர் போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்தேன். அரைஞாண் கயிறு, மோதிரம், ஓடும்போது கட்டுகிற வாட்ச். வாட்சுக்குச் சார்ஜ் போட்டேன். அதில் பதிவது அவர் போனில் வரும். போனைத் திறக்கிற நம்பர் பாப்பா பிறந்தநாள். ஓடிவந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் சோறு ஆறிப்போகும்படி அதில் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருப்பார், எனக்குப் பார்த்துப் பார்த்துப் பழக்கம். ரோட்டைக் காட்டும், ஓடின வழி சிவப்புக் கோடாக வரும்.

மே பதினெட்டாம் தேதிக் கோடு, மலை ரோட்டில் மூன்றாவது வளைவு வரைக்கும்தான் போகிறது. அதற்கு மேல் இல்லை. அதற்கு முந்தின வாரத்துக் கோடு உச்சி வரை போய்த் திரும்பியிருக்கிறது. பதினெட்டாம் தேதியது 7.12-க்கு அங்கேயே நின்றுவிட்டது. கீழே நாடித் துடிப்பு தனியாக ஓடுகிறது. 7.12-க்கு 171. எட்டு மணிக்கு 163. ஒன்பது மணிக்கு 149. 9.26-க்கு ஒன்றுமில்லை, அப்போது உங்களில் யாரோ கழற்றியிருக்கிறீர்கள். இரண்டே கால் மணி நேரம் அண்ணா. இரண்டே கால் மணி நேரம் என் புருஷன் ஒரே இடத்தில் கிடந்திருக்கிறார், அவர் நெஞ்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

மலை ஏறாத மனுஷனுக்கு உச்சியிலிருந்து பேண்டு எப்படி வந்தது? அவர் ஏறவே இல்லை என்றால், பாப்பாவுக்குடா என்று எங்கே நின்று சொன்னார்?

வருகிற பதினெட்டாம் தேதி முதல் மாசப் படையலுக்கு நான் ஒதியம்பட்டு போக வேண்டும். அந்த வீட்டில் எல்லோரும் என்னைக் கொலைகாரியாகப் பார்ப்பார்கள். நான் கொடுத்த மாத்திரையால்தான் போனார் என்றால் அதையும் எழுதுங்கள், தாங்கிக்கொள்கிறேன். பொய்யை மட்டும் எழுதாதீர்கள். அண்ணன் என்று கூப்பிட்ட வாய்க்கு அதுவாவது செய்யுங்கள்.

சுகன்யா


வில்லியனூர்,
14.06.2025

சுகன்யாவுக்கு,

வாட்சை மறந்துவிட்டேன். ஆறு வருஷமாக அதே மாதிரி வாட்ச்தான் நானும் கட்டுகிறேன், அது எல்லாவற்றையும் எழுதி வைக்கும் என்பது எனக்கு மறந்துபோயிற்று. இனி மறைக்க ஒன்றுமில்லை.

மூன்றாவது வளைவில் கலை நின்றுவிட்டான். நாங்கள் இரண்டு பேர்தான் கடைசி, மற்றவர்கள் ஏறி எங்களைத் தாண்டி இறங்கியாகிவிட்டது. ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தான். "தல சுத்துதுடா, கால் இழுக்குது" என்றான். திரும்பிப் போகலாம் என்றேன். "ஆறாவது வாரம்டா, இன்னிக்கி விட்டா பேரு பூடும். பாப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றான். அப்போது நான்தான் சொன்னேன். "நீ செத்த நேரம் குந்து. அப்பால மொள்ள எறங்கி வேனாண்ட பூடு. உன்னுதையும் நானே எடுத்தாறேன். எவனுக்குத் தெரியப்போவுது?" இரண்டு பேரும் சிரித்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

மேலே போய் டப்பாவிலிருந்து இரண்டு எடுத்தேன். இறங்கி வரும்போது மணி எட்டு இருக்கும். கட்டைச் சுவரில் அவன் இல்லை. அவன் தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது, பாதித் தண்ணீரோடு. மறந்துவிட்டு இறங்கிப் போய்விட்டான் என்று நினைத்து பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வேனுக்கு வந்து, யாரும் பார்க்காதபோது இரண்டையும் கேனில் மாட்டினேன். பிறகு மணிமொழிக்குக் கொடுத்தது அதில் ஒன்றைத்தான். சிங்காரவேலு எண்ணினார். "பதினாலு. அல்லாரும் எறங்கியாச்சி" என்றார். கலை அங்கே இல்லை. எங்களோடு ஓடுகிற ஆதிமூலம் பைக்கில் ஒருத்தரை ஏற்றிக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிட்டான் என்றார்கள். அது கலைதான் என்று நினைத்துக்கொண்டேன். உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டேன் சுகன்யா. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

எட்டே முக்காலுக்கு ஆதிமூலத்துக்குப் போன் போட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தது கலை இல்லை, சுப்பராயலு. அப்புறம்தான் தேட ஆரம்பித்தார்கள். டீக்கடை, குளம், பஸ் ஸ்டாப்பு. எல்லாம் அடிவாரத்திலேயே. "பேண்டு இருக்குதே, எறங்கிட்டாரு, இங்கதான் எங்கனா இருப்பாரு" என்கிறார்கள். அவன் ஏறவில்லை, மூன்றாவது வளைவில் உட்கார்ந்திருந்தான் என்று அத்தனை பேரில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். வாய் திறக்கவில்லை. திறந்தால் இரண்டு பேரையும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லிப் பேரை எடுத்துவிடுவார்கள் என்று பயம். போயும் போயும் ஒரு ஓட்டப் போட்டி! நானும் கூடச் சேர்ந்து டீக்கடையில் தேடினேன். அரை மணி நேரம் அப்படிப் போயிற்று.

பிறகு தாங்காமல், "மேல ஒரு தபா பாத்துட்டு வரேன்" என்று பைக்கை எடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சரிவில், களாக்காய்ப் புதருக்குள் கிடந்தான். நிழலுக்குப் போய் விழுந்திருக்கிறான் போல. சட்டையைக் கழற்றி எறிந்திருந்தான். உடம்பு தோசைக்கல்லாகச் சுட்டது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "எட்த்துட்டியாடா?" என்றான். "எட்த்துட்டேன்டா" என்றேன். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். மாத்திரையால் இல்லை, காய்ச்சல் உடம்போடு புழுக்கத்தில் ஓடியதால் சூடு ஏறிவிட்டது, அரை மணி முன்னால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். அந்த அரை மணி என்னிடம் இருந்தது. காய்ச்சலோடு வா என்று கூப்பிட்டதும் நான்தான். உன் மாமியார் உன்னைப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே கருமாதியில் உட்கார்ந்திருந்தேன்.

இந்த லெட்டரை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. ஒதியம்பட்டில் படித்துக் காட்டு. போலீசுக்குக் கொடு. மணிமொழியிடம் மட்டும் சொல்லாதே. அவள் அப்பன் மலை ஏறினான் என்றே இருக்கட்டும். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

பாக்யராஜ்


கரையாம்புத்தூர்,
21.06.2025

பாக்யராஜ் அவர்களுக்கு,

பதினெட்டாம் தேதி ஒதியம்பட்டு போனேன். படையல் போட்டு முடிந்ததும் எல்லோரையும் உட்காரச் சொல்லி உங்கள் லெட்டரை முழுசாகப் படித்தேன். பொங்கல் சாப்பிட்ட இடம் வந்தபோது என் கொழுந்தனார் முத்துக்குமரன் எழுந்து வெளியே போய்விட்டார். போலீசுக்குப் போகலாமா என்று யோசிக்கிறார். போகச் சொல்லவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

எல்லோரும் கலைந்த பிறகு மாமியார் ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "ரெண்டு வாய் துண்ணு" என்றார். ஒரு மாதத்தில் அந்த வீட்டில் எனக்கு யாரும் தட்டு வைக்கவில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டேன். அந்த மட்டுக்கு உங்கள் லெட்டருக்கு நன்றி.

ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பாதித் தண்ணீரோடு அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தீர்களே, அந்தத் தண்ணீரை என்ன செய்தீர்கள்? குடித்தீர்களா? வேண்டாம், சொல்லாதீர்கள்.

மணிமொழியிடம் மட்டும் சொல்லாதே என்று எழுதியிருந்தீர்கள். அதை அவளுக்காகவா கேட்டீர்கள்? வாட்சைப் பார்க்காதிருந்தால் நானும் உங்கள் பொய்யைச் சொல்லியே அவளை வளர்த்திருப்பேன். வருஷா வருஷம் நீங்கள் வருவீர்கள், அவள் உங்களிடம் உச்சியில் அப்பா என்ன சொன்னார் என்று கேட்பாள், நீங்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வீர்கள். அந்தக் கண்றாவியை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நான் சொல்லும்படி ஆகவும் இல்லை. படித்தபோது கதவுக்குப் பின்னால் நின்றிருந்திருக்கிறாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா மேல போவவே இல்லியாம்மா?"

"இல்லடி."

"அப்ப இது யாருது?"

"பாக்யா மாமா எடுத்தது."

"மாமா இத எடுக்கப் போவசொல்ல அப்பா தனியாவா குந்தியிருந்தாரு?"

ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் கழற்றப் பார்த்தாள். வேர்த்து ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டிவிடட்டுமா என்றேன். "வெட்டாதம்மா, அவருதுதானே, திருப்பிக் குடுக்கணும்" என்று சோப்புப் போட்டு அவளே மெதுவாக உருவிக் கொடுத்தாள். இந்தக் கவருக்குள் இருக்கிறது. அவள் கையில் வரி இன்னும் போகவில்லை.

கிடைத்ததா என்று எழுத வேண்டாம். போனும் செய்ய வேண்டாம்.

சுகன்யா
க/பெ. கலைவேந்தன்