வேதத்தால் விழுந்த அடி

அன்புள்ள நைனாவுக்கு, ஜப்பானிலிருந்து பானுப்ரியா எழுதுவது. மூட்டுவலி எப்படி இருக்கிறது? திருத்தணி மலைக்குப் படியேறாதீர்கள், பஸ்ஸிலேயே போங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். செவ்வாயன்று எங்கள் முதியோர் இல்லத்தில் சின்னத் தகராறு. நான் பார்த்துக்கொள்ளும் சாச்சிகோ அம்மாள் இங்கே உள்ள ஒரு புது மதத்தைச் சேர்ந்தவர். அந்த மதத்தைத் தொடங்கிய பெண்மணி அருள் வந்து எழுதிய வேதத்தைத் தினமும் சத்தமாக வாசிப்பார். அன்று வந்த அவருடைய மகன் அதைக் கேட்டதும் புத்தகத்தைப் பிடுங்கிக் கிழித்தார். கையில் மிஞ்சிய பாதிப் புத்தகத்தாலேயே அம்மாவின் முகத்தில் மாறி மாறி அடித்தார். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

“அடிக்காதய்யா! வயசானவங்க, செத்துடப் போறாங்க!” என்று நம் ஊர்ப் பேச்சிலேயே கத்திக்கொண்டு குறுக்கே பாய்ந்தேன். நாற்காலியைத் தூக்கி வீசினார். எனக்கு ஒரு பல் போனது, அவ்வளவுதான்.

“ஒரு வரி தப்பாகச் சொன்னால் அம்மா என்னை இதே புத்தகத்தால்தான் அடிப்பாள். அப்போது எனக்கு ஆறு வயது!” என்று மகன் அலறினார். போலீஸ் வந்து அவரைத் தரையோடு அமுக்கிப் பிடித்தது.

முதலில் அடித்தது யார் என்று கேட்டார்கள். நான் மகனைக் காட்டினேன். அம்மாள் ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் சொன்னார்: “நான்தான். ஐம்பது வருடத்துக்கு முன்னால்.”

நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. வீக்கம் வடியும்வரை வீடியோ கால் வேண்டாம். ஆனால் தினமும் போன் பண்ணுங்கள், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் என்மேல் ஒருநாளும் கை நீட்டியதில்லை, நைனா. அன்றைக்குத்தான் அதை நினைத்துப் பார்த்தேன்.

உங்கள் பானு