சம்பந்தி வீட்டு டிவியைவிடப் பெரிசு

ஆவுடையார்கோவில்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் அன்புமொழிக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நீயும் மாப்பிள்ளை செந்தமிழனும் பெங்களூரில் சுகமாக இருப்பீர்கள். வயிற்றில் இருப்பதும் சுகமாக உதைத்துக்கொண்டிருக்கும். இங்கே உன் அப்பா சுகம், ஆடுகள் சுகம். நான் மட்டும் சுகமில்லை. காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லை. எனக்குப் பொறாமை. இதைப் போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் அழுவேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் எழுதி, நாளைக்குப் பெங்களூர் பஸ் ஏறும் அடைக்கலத்தின் மகன் கையில் நார்த்தங்காய் ஊறுகாயோடு கொடுத்துவிடுகிறேன். ஊறுகாயை அளவாகத் தொட்டுக்கொள்.

போன மாதம் வளைகாப்புக்கு நாள் குறிக்க உன் மாமியார் வீட்டுக்குப் புதுக்கோட்டை போனோம் அல்லவா. அன்றைக்கு ஆரம்பித்தது. சம்பந்தியம்மா ராஜலட்சுமி மாடி அறையைத் திறந்து காட்டினார்கள். ஏசி, சுற்றுகிற நாற்காலி, மேஜை, மேஜை மேல் ஒரு புது டிவி. டிவியை எதற்கு மேஜையில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நாடகம் பாக்க இல்ல மதினி, நம்ம அன்புக்கு ஆபீஸ் வேலை பாக்க லேப்டாப் பக்கத்துல ரெண்டாவது ஸ்கிரீன் வேணுமாம், சின்ன டிவியே போதும், சல்லிசா முடியும்னு அதுதான் சொல்லுச்சு, பிரசவம் வரைக்கும் இங்கிட்டே உக்காந்து வேலை பாக்கட்டும் என்றார்கள். நம்ம அன்புவாம்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். வளைகாப்பு முடிந்த கையோடு உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வருவேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு டிவி வந்து நிற்கும் என்று யார் கண்டது. வழக்கம் கிடக்கட்டும். வேலைக்கு இன்ன சாமான் வேண்டும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று விட்டுவிட்டாய் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சம்பந்தியம்மா காப்பி போடக் கீழே இறங்கியதும், என் பையில் இருந்த டேப்பை எடுத்து அந்த டிவியை அளந்தேன். ரவிக்கை தைக்கிறவள் பையில் டேப் இல்லாமல் போகுமா. குறுக்கே இருபத்தெட்டு இஞ்ச். என்னடி செய்யுற என்று உன் அப்பா கேட்டார். தூசி தட்டுகிறேன் என்றேன்.

அடுத்த வாரமே உன் அப்பாவை இழுத்துக்கொண்டு அறந்தாங்கிக்குப் போனேன். நீ பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கத்தில் கொடுத்த லேப்டாப்பைப் பீரோவிலிருந்து எடுத்துத் துடைத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டேன். பாட்டரி செத்துவிட்டது, வயரைச் சொருகினால் ஓடுகிறது. கடையில் எல்லா டிவியிலும் கிளியும் அருவியுமாக ஓடிக்கொண்டிருந்தது. கிளி வேண்டாம், என் மகளுக்கு எழுத்துத்தான் தெரிய வேண்டும், இந்த லேப்டாப்பை மாட்டிக் காட்டு என்று விற்கிற பெண்ணிடம் சொன்னேன். யாரும்மா டிவியில எழுத்துப் பாத்து வாங்குறாங்க என்று சிரித்தாள். சிரித்தாலும் மாட்டினாள், நல்ல பெண்.

முதல் டிவி படத்துக்குப் பளபளவென்று இருந்தது. எழுத்தைப் போட்டால் ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளையாக ஓரம் அடித்த மாதிரி தெரிந்தது, கண் கூசியது. உன் அப்பாவுக்கு அதுதான் பிடித்தது, அவருக்குப் பாட்டுப் பார்க்க வேண்டும். அடுத்ததில் எழுத்து பரவாயில்லை, ஆனால் வயர் சொருகுகிற இடம் நேராகப் பின்பக்கம் இருந்தது, நம் அறையில் மேஜை சுவரை ஒட்டித்தான் கிடக்கும், வயர் மடங்கிப் போகும். மூன்றாவதில் எழுத்து சுத்தமாக இருந்தது, வயரும் பக்கவாட்டில் போனது. நாலு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டு, கீழே மணி காட்டுகிற இடத்தைக் காணோம். அந்தப் பெண் ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றி முழுசாகக் கொண்டுவந்தாள். எந்த பட்டன் என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று கேட்டேன், இது இருபத்தெட்டு இஞ்சைவிடப் பெரிசா என்று. இது முப்பத்திரண்டும்மா என்றாள். பேசாமல் வாங்கிவிட்டேன். ஆட்டோவில் வரும்போது எனக்கிருந்த பெருமைக்கு அளவே இல்லை.

வீட்டுக்கு வந்து டேப்பை வைத்தேன். குறுக்கே இருபத்தெட்டு.

டிவியை மூலைக்கு மூலை அளப்பார்களாம். கடைக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு அந்த விற்கிற பெண் இதைச் சொன்னபோது பக்கத்தில் நின்ற உன் அப்பா சிரித்த சிரிப்பை இன்னும் நிறுத்தவில்லை. சம்பந்தி வீட்டில் இருப்பதும் இதே முப்பத்திரண்டுதான். நான் அவ்வளவு தூரம் போய் அதே டிவியை வாங்கி வந்திருக்கிறேன்.

உன் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. அவர் போனில் சொல்லி, போன வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா ஒரு சீப்பு பூவன் பழத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள். கேபிள்காரர் அழகுமலை அப்போதுதான் நெட் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சம்பந்தியம்மா லேப்டாப் மாட்டியிருந்த டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எங்க வீட்டுல ஓரமெல்லாம் வெட்டுது மதினி, ஒங்களுக்கு மட்டும் எப்புடி முழுசாத் தெரியுது என்று கேட்டார்கள். எந்த பட்டன் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. டிவிக்கு டிவி மாறும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பழத்தை உரித்தேன்.

பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். தையல் மெஷின் எங்க மதினி என்று கேட்டார்கள். அடுப்படிக்கு மாற்றிவிட்டேன் என்றேன். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, இந்த இருட்டுலயா தைக்கிறீங்க என்று கேட்டார்கள். அதற்கப்புறம்தான் சொன்னார்கள். அம்மா வீட்டில் இருப்பது ஒரு அறை, அதில் மெஷின் இருக்கிறது, ஸ்கிரீன் வேண்டும் என்று கேட்டால் அம்மா மெஷினைத் தூக்கி வெளியே வைத்துவிடும், தீபாவளித் தையல் வருகிற நேரம், அதனால் அம்மா காதுக்குப் போக வேண்டாம் என்று நீ சொன்னாயாமே.

ரிமோட்டை எடுத்து அந்த பட்டனைக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

டிவிக்காக வந்த பொறாமை அத்தோடு போய்விட்டது. இப்போது வேறு ஒன்று வந்திருக்கிறது. என்னைப் பற்றி நீ கவலைப்பட்டதைக்கூட அவர்களிடம்தான் சொல்லியிருக்கிறாய். உன் மாமியார் நல்ல மனுஷி, அதில் சந்தேகமே இல்லை. நல்ல மனுஷியாக இருப்பதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

மெஷினைப் பற்றி நீ யோசிக்காதே. அடுப்படியில் வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது. ஊசி கோர்க்க மட்டும் வாசலுக்கு வருகிறேன், காலுக்கும் நடை ஆயிற்று. மேஜையை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். நாற்காலி சுற்றாது, ஆனால் முதுகுக்குத் தலையணை தைத்து வைத்திருக்கிறேன். மாடி அறைதான் உனக்கு வசதி, ஆஸ்பத்திரியும் அங்கேதான் பக்கம் என்றால் அங்கேயே இரு. நான் பஸ் ஏறி வந்து வந்து பார்த்துக்கொள்கிறேன். இதை எழுதும்போது நான் அழவில்லை.

தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டாக, ஆத்மநாத சாமி துணை இருப்பார். எந்த வீடு என்று நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்யுங்கள். அதை முதலில் என்னிடம் சொல், பிறகு அவர்களிடம் சொல். வலி எடுத்தாலும் அப்படியே செய்.

உன் போனுக்குக் காத்திருக்கும்
அம்மா,
பொன்னுத்தாய்.