குல்லாவுக்கு அளவெடுத்தவள்

என் ராசா அண்ணே,

நீ போய் எட்டு மாதமாகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுத எனக்கு மனம் துணியவில்லை. இப்போது எழுதுவதும் துணிந்ததால் இல்லை, வேறு போக்கிடம் இல்லாததால். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். தையல் வகுப்பில் நான் மட்டும் இருக்கிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். மதினி பிறந்த வீட்டுக்குப் போகாமல் எங்களோடுதான் இருக்கிறது. மழை இந்த வருஷமும் கீரமங்கலத்தை எட்டிப் பார்க்கவில்லை. கிணற்றில் தண்ணீரே இல்லாதபோது, முங்கி மோட்டார் குழாயின் அடியில் ஃபுட்வால்வு மாட்டிக்கொடு என்று யார் கூப்பிடுவார்கள்? நீ கற்றுக்கொடுத்த அந்த வேலையும் இல்லாமல் தம்பி சுப்பையா சும்மா உட்கார்ந்திருந்தான். போன மாதம் உன் அணைக்கட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அணைக்குள் முங்குகிற உன் வேலையை அவனுக்குத் தருகிறார்களாம். அதே மலை, அதே தண்ணீர். போகிறேன் என்று கையெழுத்தும் போட்டுவிட்டான்.

அண்ணே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா, போன ஆவணியில் நீ லீவில் வந்தபோது, முங்கும்போது தலைக்குப் போடுகிற குல்லாவுக்கு ஒரு ஆர்டர் பாரம் கொண்டுவந்தாய். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. உடம்புக்குப் போடுகிற ரப்பர் உடுப்புக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது, தலைக்கு மாட்டுகிற நியோப்ரீன் ரப்பர்க் குல்லாதான் நனையும் என்று எனக்குப் பாடம் எடுத்தாய். உள்ளே புகுகிற கொஞ்சம் தண்ணீர் தலைச்சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்க வேண்டும்; குல்லா தொளதொளத்தால் பச்சைத் தண்ணீர் போய் வந்துகொண்டே இருக்கும், அப்புறம் குல்லா போட்டும் பயனில்லை என்றாய். அரைக்கால் அங்குலத் தடிமன் ரப்பர் போதும், காது நன்றாகக் கேட்கும் என்பது உன் கட்சி. மலைக்குளிருக்குக் காலங்குலம்தான் என்று நான் அடம்பிடித்தேன். கடைசியில் நீ விட்டுக்கொடுத்தாய். எப்போதும் நீதானே விட்டுக்கொடுப்பாய்.

அளவு நான்தான் எடுத்தேன். ஊருக்கே ரவிக்கை தைக்கிறவளுக்கு உன் மண்டையை அளக்கத் தெரியாதா என்று பீற்றிக்கொண்டேன். அப்போது உன் தலையில் இரண்டு வருஷத்து முடி. மதினிக்கு இரண்டு பிள்ளை தங்காமல் போனபின், அடுத்தது நிலைத்தால் விராலிமலையில் முடி இறக்குகிறேன் என்று நேர்ந்து வளர்த்த முடி. கொண்டையை அவிழ்த்து, முடியைப் பரப்பிவிட்டு, அதற்கு மேலேயே டேப்பைச் சுற்றினேன். மீடியத்துக்கும் லார்ஜுக்கும் நடுவே வந்தது. பிடித்தால் தலை வலிக்குமே என்று லார்ஜ் எழுதி அன்றைக்கே தபாலில் போட்டேன்.

மூன்றாம் நாள், மகள் பிறந்த நேர்த்திக்கு விராலிமலையில் மொட்டையடித்தாய். உன் தலையில் சந்தனம் தடவியவளும் நான்தான். பாதித் தலையைக் காணோமே என்று கேலி செய்தேன். என் வாயே அதைச் சொன்னது அண்ணே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

மார்கழியில் உன் கடிதம் வந்தது. குல்லா வந்துவிட்டது, தலையில் கொஞ்சம் தொளதொளவென்று நிற்கிறது, பரவாயில்லை என்று எழுதியிருந்தாய். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவா, பிடித்துத் தைத்துத் தருகிறேன் என்று பதில் போட்டேன். மாட்டாதே என்று எழுதவில்லை. ரவிக்கைக்குச் சொல்கிற பதிலை உன் உயிருக்குச் சொன்னேன்.

பொங்கலுக்கு முன்பே நீ போய்விட்டாய். உன் பெட்டியைக் கொண்டுவந்த உன் கூட்டாளி, வீட்டில் எல்லோரிடமும் மூச்சடைத்துவிட்டது என்றுதான் சொன்னார். பஸ் ஏற்றிவிடப் போனபோது என்னிடம் மட்டும் விவரம் சொன்னார். மதகுக்குக் கீழே ஒரு பக்கமாகக் குல்லாவுக்குள் தண்ணீர் பாய்ந்து காதில் அடித்திருக்கிறது. அந்தக் குளிர் ஒரு காதில் ஏறினால் தலை சுற்றி, மேலே எது கீழே எது என்று தெரியாதாம். மேலே தூக்கச் சொல்லி நீ கயிற்றை இழுத்தபோது நேரம் கடந்துவிட்டதாம். அளவெடுத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டியில் அந்தக் குல்லாவும் வந்தது. ஆத்தா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துத் தினமும் திருநீறு போடும். சுப்பையா கிளம்புகிறான் என்றதும் அதை எடுத்து அவன் கையில் கொடுத்தது. அண்ணன் தலையில் இருந்தது, இவனைக் காக்கும் என்றது. அவனும் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் வைத்தான். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் ஆத்தாவை இழப்பேன், சொல்லாவிட்டால் இவனையும் இழப்பேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை அண்ணே. கிணற்றில் தண்ணீர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, தெரியாது.

நேற்று காலையில் சொல்லிவிட்டேன். "அத அவன் போடக் கூடாது ஆத்தா. அளவு தப்பு. அண்ணன் அதுலதான் போச்சு. அளவெடுத்தவ நான்."

ஆத்தா அழவில்லை. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னை யாரோ வெளியூர்க்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நான் வைத்த சோற்றையும் தொடவில்லை. மதினி பிள்ளையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு அங்கிட்டுப் போய்விட்டது. அது கோபமா, அழுகை வந்ததா? எனக்குத் தெரியவில்லை.

இன்று பள்ளிக்கூடம் கிளம்பும்போது சுப்பையா வந்தான். கையில் புதுப் பாரம். என் தையல் மெஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். "நீயே அளவெடு அக்கா. இனிமே தப்பு விடாத ஆளு இந்த ஊர்ல நீ ஒருத்திதான்."

மூன்று முறை அளந்தேன். மூன்றும் வேறு வேறாக வந்தது. சைஸ் எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஆள் நேரில் வருகிறான், தலையில் மாட்டி, தொட்டித் தண்ணீரில் முங்க வைத்துப் பாருங்கள், சரியாகப் பொருந்தாமல் அணையில் இறக்காதீர்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். அவர்கள் கேட்பார்களா? தையல் டீச்சர் சொல்லை யார் கேட்பார்கள்?

அதனால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அவனோடு நானும் திருச்சி பஸ் ஏறுகிறேன். அந்தக் குல்லாவின் ஓரத்தில் என் விரல் நுழையாது என்று நானே தொட்டுப் பார்க்காமல் அவனைத் தண்ணீரில் இறங்க விடமாட்டேன். கரையில் படுத்தாவது மறிப்பேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன். இப்போது கேட்கவில்லை. சுப்பையாவை உயிரோடு கூட்டிவந்து ஆத்தா முன்னால் நிறுத்துகிறேன். அன்றைக்குக் கேட்கிறேன். அதுவரைக்கும் என்னை மன்னித்துவிடாதே அண்ணே.

உன் கூடப் பிறந்த தங்கச்சி,
அழகு