முட்டைப் பெட்டிக்கு எந்த ரிலே

கொழிஞ்சாம்பாறை
மே 9, 1977
குஞ்சு பொரிக்கும் பெட்டியில் வைத்த முட்டை அத்தனையும் வெந்துவிட்டது. சாயங்காலம் தோட்டத்து மோட்டார்கள் ஓடத் தொடங்கியதும் கரண்ட் இறங்குகிறது. ஹீட்டரைப் போட்டு அணைக்கும் ரிலே பிடித்து நிற்க முடியாமல் படபடவென்று அடித்து, தொட்டு விலகும் பாயின்ட் தீய்ந்து ஒட்டிக்கொண்டது. ஹீட்டர் அணையவே இல்லை.

"இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா பெட்டிய வித்துப்போடலாம் புள்ள" என்றார் வீட்டுக்காரர். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மே 12
கோயமுத்தூரில் புது ரிலே கிடைத்தது! ட்ரையாக். அசையும் பாகமே கிடையாது, தீய்வதற்குப் பாயின்ட்டும் இல்லை. நான் பி.எஸ்ஸி. படித்தபோது வால்வுதான், இது புத்தகத்திலேயே இல்லை. பஸ்ஸில் இரண்டு தடவை பிரித்துப் பார்த்தேன்.

மே 13
மோட்டார் மெக்கானிக் பழனிச்சாமி டெஸ்டரை வைத்தார். அணைத்த பிறகும் டெஸ்டர் விளக்கு எரிகிறது! "ஏனுங்க்கா, இது செத்தும் உசுரோட இருக்குதுங்களே?"

ஹீட்டரை மாட்டிப் பார்த்தோம். சூடே இல்லை. அணைத்தாலும் துளி கரண்ட் கசியும். டெஸ்டருக்கு அது போதும், ஹீட்டருக்குப் போதாது. சிரித்தோம். இவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒழுகற பைப்ப நம்பி முட்டை வெப்பாங்களா?"

மே 14
இவர் கேட்டது உறுத்துகிறது. இது கெட்டால் எப்படிக் கெடும்? பெரும்பாலும் அணையாமல்தான். பழையதும் அப்படித்தானே கெட்டது. அப்புறம் எதற்கு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்? ஓயாமல் போட்டு அணைக்கப் புதியது. பாயின்ட் மாற்றிய பழையது காவலுக்கு — சூடு வேண்டியதற்கு மேல் இரண்டு டிகிரி தாண்டினால் மட்டும் இழுத்துக் கரண்டை அறுக்கட்டும். மற்ற நேரம் சும்மா கிடக்கும், தேயாது.

முட்டை வைத்தாயிற்று.

மே 20
மோட்டார்கள் ஓடுகின்றன. பெட்டி படபடவென்று பேசவே இல்லை. நம்பமுடியாமல் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மே 29
மதியம் பெரிய இடி. புதியது போய்விட்டது. ஹீட்டர் அணையவில்லை. சூடு ஏறுது, ஏறுது — ஐயோ, இந்தத் தடவையுமா? — டக்! பழையது அறுத்துவிட்டது! அது அறுக்கும் சூட்டளவைக் கீழே இறக்கி, இப்போதைக்கு அதையே ஓடவிட்டிருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தால் இவர் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார். "அந்தச் சாமான் பேரென்ன? எழுதிக் குடு." வாங்கிவரச் சொல்லி நான் கேட்கவே இல்லை. கோயமுத்தூர் பஸ் ஏறிவிட்டார்.

ஜூன் 4
காதே அடைக்கிறது, அத்தனை கீச்சு! சில முட்டை பொரியவில்லை. இருக்கட்டும்.

இவர் ஒரு குஞ்சைத் துண்டில் பொதிந்துகொண்டு, "ஏம்புள்ள, இந்தச் செவுத்த இடிச்சா இன்னொரு பெட்டி நிக்குமா?" என்கிறார்.

அளந்து பார்க்கப் போகிறேன்.